சத்தம் போடாத ஹெட்டர்

அந்த ஃப்ளாஸ்க்கை இப்படிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். ரெண்டு பையையும் புடிச்சுக்கிட்டு இதையும் புடிச்சுக்கிட்டு எப்படி உக்காருவீங்க? நாமக்கல்லுல ஏறி இந்த பஸ்ஸுல எடம் கெடைக்கறதே பெருசுங்க. உக்காருங்க. ஈரோடுதானுங்களே? நானும் ஈரோடுதான். நல்லதாப் போச்சு. யாருகிட்டயாச்சும் சொல்லலீன்னா எனக்கு மண்டையே வெடிச்சிரும் போல இருக்குது.

ஏனுங்க, நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. நான் இன்ஜினியரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்டுக்கு ஹெச்ஓடி. சென்னியப்பன் சார்னு கேட்டுப் பாருங்க, இந்தப் பக்கத்துல சி மொழி படிச்சவன் எவனா இருந்தாலும் எந்திரிச்சு நிப்பான். அப்படிப்பட்டவனை, கூடப் பொறந்த தங்கச்சி வீட்டுல, சொந்தபந்தம் அத்தனையும் கூடி நிக்கறப்ப, "கோழிக்குஞ்சு செத்ததுக்கு நீங்கதான் காரணம்"னு சொல்லிப்போட்டாங்க. நானு! கோழிக்குஞ்சு! நான் முட்டைகூடத் தொடறதில்லீங்க, சுத்த சைவம்.

தங்கச்சி பேரு பூங்கொடி. அவ புருசன் நாச்சிமுத்து, எனக்கு மாப்ளை. நாட்டுக்கோழி வெச்சிருக்காங்க. பண்ணைக்கோழி இல்லீங்க, சிறுவிடைங்கற சின்ன ரகம். அதுலயும் பூங்கொடி வளக்கறது ஒரு தனி வகை. கழுத்துல செம்பு நெறம், காலு கருப்பு. கல்யாணம் ஆகிப் போனதுலேருந்து அவளே பாத்துப் பாத்து, எதை எதோட சேக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு உண்டாக்குனது. வேற எங்கயும் கெடையாதும்பா. எனக்கு கோழின்னா எல்லாம் கோழிதான். அவளுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு.

இன்குபேட்டர்னு ஒண்ணு இருக்குதுங்க, முட்டையை அடை வெக்கற பெட்டி. பீரோ மாதிரி நிக்கும். அதுக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுல ஒரு சி புரோக்ராம். அந்தக் காலத்துல கோயமுத்தூர்ல ஒருத்தன் எழுதிக் குடுத்துட்டு அமெரிக்காவுக்குப் போயிட்டான். சூடு பாக்கும், பல்பு போடும், முட்டைத் தட்டைத் திருப்பும். பெட்டிக்குள்ள ஒரு காத்தாடி, பெல்ட்டுல ஓடறது. அந்த பெல்ட்டு அப்பப்ப நழுவும். நழுவுனா உள்ள சூடு ஏறும். ஏறுனா அந்தக் கம்ப்யூட்டர் ஒரு ஊளை விடும் பாருங்க, தெருவே எந்திரிச்சிரும்! மாப்ளை கைலியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு ஓடுவாரு, கதவைத் தொறந்து விடுவாரு, பெல்ட்டை மாட்டுவாரு. வாரத்துக்கு ஒருக்கா இந்தக் கூத்து. நான் போனாலே, "மச்சான், இந்தச் சனியன் கத்தறதை நிறுத்த முடியாதுங்களா?"ன்னு கேப்பாரு. அவரு கேட்டாருங்க! அவரு வாயாலயே கேட்டாரு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

அந்தக் கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சு. கடைக்காரன் கையளவு ஒரு பெட்டியைக் குடுத்து, இதுல லினக்ஸ்தான் ஓடும், பழைய புரோக்ராமை இதுக்கு மாத்திக்குங்கன்னுட்டான். பூங்கொடி எனக்குப் போன் போட்டா. "அண்ணா, உங்களை விட்டா யாரு இருக்கா?"ன்னா. உண்மைதானுங்களே. யாரு இருக்கா?

அவ பொண்ணு ஒருத்தி இருக்கறா, தர்ஷிணி. பெங்களூர்க் கம்பெனியில வேலை, வீட்டுல உக்காந்தே பாக்கறது. "நான் பண்றேன் மாமா"ன்னா. பைத்தான்ல எழுதறவ! புள்ளி வெச்சா வேலை நடக்கும், அடைப்புக்குறி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அதெல்லாம் ஒரு மொழியா? "அம்மிணி, இது சி. வெளையாட்டில்ல. நீ போயி காப்பி போட்டுக் கொண்டா"ன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மரியாதைன்னா என்னன்னு தெரியறதில்லீங்க.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சி புரோக்ராம் எழுதறப்ப தலைமாட்டுல சில பேரு எழுதணும், இன்ன இன்ன ஃபைலைச் சேத்துக்கோன்னு. அதுதான் ஹெட்டர் ஃபைல். அதுல முக்கியமானது கோனியோ டாட் எச். ஸ்கிரீனைத் தொடைக்கறதுக்கு. எங்க லேப்ல கோனியோ இல்லாம ஒருத்தனும் புரோக்ராம் எழுத முடியாது. மொதல்ல ஸ்கிரீனைத் தொடைக்கணும், அப்பறம்தான் மத்ததெல்லாம். ஒரு பையன் ஒருக்கா தொடைக்காம எழுதிட்டு, "சார், விடை சரியா வருதே"ங்கறான். வந்தா? குளிக்காம கோயிலுக்குப் போறதுங்களா? மார்க்கைக் கொறைச்சுட்டேன். இப்பக் கனடாவுலயோ எங்கயோ இருக்கறானாம். இருக்கட்டும்.

சரி, புதுப் பெட்டியில அந்தப் புரோக்ராமைப் போட்டு ஓட்டுனேன். எடுத்த எடுப்புல என்ன சொல்லுது தெரியுங்களா? கோனியோ டாட் எச்சா, அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது! கோனியோ இல்லாம என்னய்யா கம்ப்யூட்டர் நடத்தறீங்க? அதை எடுத்துட்டுப் பாத்தா டாஸ் டாட் எச்சும் இல்லைங்குது. அதுதான் காத்திருக்கறதுக்கு, சத்தம் போடறதுக்கு எல்லாம். இந்தத் தர்ஷிணியோட பெங்களூர்க் கம்பெனி உலகமே இப்படித்தான், அடிப்படையே கெடையாது.

தர்ஷிணி சொல்றா, "மாமா, கோனியோ, டாஸ் எல்லாம் அந்தப் பழைய டர்போ சி சாஃப்ட்வேரோட போச்சு. லினக்ஸ்ல அதைத் தேடாதீங்க. இதுல அந்த வேலையை எது பண்ணுதுன்னு தேடுங்க." கேட்டீங்களா? எனக்கே பாடம்! இல்லாததைத் தேடாதேங்கறா. என்னோட லேப்ல இருக்குதே! இன்னைக்கும் எல்லா மிஷின்லயும் இருக்குதே!

நான் என்ன பண்ணுனேன், நேரா காலேஜுக்குப் போனேன். டர்போ சி-யில இன்க்ளூடுன்னு ஒரு ஃபோல்டர் இருக்குதுங்க, மொத்த ஹெட்டரும் அதுலதான். அப்படியே முழுசா பென் டிரைவ்ல அள்ளிக்கிட்டு வந்து அந்தப் பெட்டியில கொட்டுனேன். இல்லைன்னு சொன்னியே, இந்தா, இப்ப என்ன சொல்றேன்னேன். ஓட்டுனா மழை மாதிரி எரர் வருது! ஃபார்ங்குது, நியர்ங்குது, எதுவுமே புரியலைங்குது. பழைய காலத்துல மெமரியில தூரம், பக்கம்னு கணக்கு இருந்துச்சு, அந்த வார்த்தைங்க இதுக்குத் தெரியலை. நான் விடுவனா? தூரத்துக்கு அர்த்தம் ஒண்ணுமில்ல, பக்கத்துக்கும் அர்த்தம் ஒண்ணுமில்லன்னு மேல ரெண்டு வரி எழுதிப்போட்டேன். பாதி எரர் ஓடிப்போச்சு! மிச்சத்துல எது எது தகராறு பண்ணுதோ அந்த வரியை எல்லாம் ஒண்ணொண்ணா எடுத்து வீசுனேன். கடைசியில பாத்தா கோனியோவும் டாஸும் மட்டும் நின்னுச்சு. புரோக்ராமைப் படிச்சுத் தப்புச் சொல்ற கம்பைலர் வாயைத் தொறக்கலையே! காப்பியைக் குடிச்சுட்டு எந்திரிச்சு நின்னேன். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம், சொல்லி மாளாதுங்க.

அதுக்கப்பறம்தான் இன்னொரு எரர் வந்துச்சு. ஹெட்டர் கெடைச்சிருச்சு, ஆனா அதுல சொன்ன சவுண்டுங்கற ஃபங்ஷன், அந்த ஊளையை விடற பகுதி, எங்கயும் இல்லைன்னு. தர்ஷிணி எட்டிப் பாத்துட்டுச் சிரிக்கறா. "மாமா, ஹெட்டர்ங்கறது கல்யாணப் பத்திரிகை மாதிரி. பத்திரிகை அடிச்சாச்சு சரி, மாப்பிள்ளை மண்டபத்துக்கு வரணும்ல? நீங்க டர்போ சி-யிலேருந்து பத்திரிகையை மட்டும் கொண்டு வந்திருக்கீங்க"ன்னா. அவங்கப்பன் வேற கூடச் சேந்துக்கிட்டு சிரிக்கறாரு. கம்ப்யூட்டர்ல கைநாட்டு, அவருக்குச் சிரிப்பு!

இவ்வளவுதானே, மாப்பிள்ளை நான் தர்றேன்னு உக்காந்தேன். டாஸ் டாட் எச்சை நானே எழுதுனேன். காத்திருக்கற ஃபங்ஷனுக்கு லினக்ஸ்ல ஒண்ணு கெடைச்சுது, கோத்துவிட்டேன். சவுண்டுக்கு மட்டும் சரியா ஒண்ணும் அமையலை. அந்தப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியில ஸ்பீக்கரே கெடையாதுங்களே! சவுண்டுன்னு பேரை எழுதி, அடைப்பைத் தொறந்து, அடைப்பை மூடிட்டேன். அதுக்குப் பேரு ஸ்டப்புங்க. உலகம் முழுக்கப் பண்றதுதான். கம்பைலர் ஒரு வார்த்தை பேசலை. கொஞ்சம் வார்னிங் முணுமுணுத்துச்சு. வார்னிங் வாயை மூடறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்குதுங்க, அதையும் போட்டுட்டேன். எரர் இல்ல, வார்னிங் இல்ல. தொடைச்சு வெச்ச மாதிரி.

"மாமா, சவுண்டுக்குள்ள ஒண்ணுமே இல்லையே"ன்னா அந்தப் புள்ளை. "பின்னாடி பாத்துக்கலாம், இப்ப ஓடுதா இல்லையா?"ன்னேன். ஓடுச்சுங்க! பல்பு எரியுது, தட்டு திரும்புது, சூடு ஸ்கிரீன்ல காட்டுது. பூங்கொடி கண்ணுல தண்ணி. "எங்க அண்ணன்"னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிக் காட்டுனா.

வளர்பிறை, முகூர்த்த நாள் பாத்து முட்டையை அடை வெச்சாங்க. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், கம்ப்யூட்டர் மேல ஒரு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டறதுக்கு முன்னாடி இந்தத் தர்ஷிணி ஒரு சொம்புல சுடுதண்ணியோட வந்து நிக்கறா. எதுக்குன்னு கேட்டா, சூடு பாக்கற கம்பியை இதுல முக்கிப் பாக்கணுமாம், ஊளை சத்தம் வருதான்னு தெரியணுமாம்! "கடைத்தெருவுல சத்தம் போடற பஸ்ஸர் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிட்டு அப்பறமா அடை வெக்கலாம்மா"ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நல்ல காரியம் நடக்கறப்ப ஊளை சத்தம் கேக்கறதா? வாயைக் கழுவு"ன்னேன். மாப்ளையும் "ஏன்டி, நல்ல நாளும் அதுவுமா"ன்னாரு. பூங்கொடிதான் அந்தச் சொம்பை வாங்கி வேப்பமரத்தடியில ஊத்துனா. அவ கையாலதான் ஊத்துனா. நான் ஊத்தலை. இதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.

அடை வெச்சு நாலஞ்சு நாள் இருக்கும், தெருநாய்ங்க கூட்டமா வேலியைப் பிச்சுக்கிட்டு பூந்துருச்சுங்க. பட்டப்பகல்ல. அந்தச் செம்புக் கழுத்துக் கோழி, சேவல், ஒண்ணு விடலை. பூங்கொடி போன்ல அழுத அழுகை இருக்குதே, எங்கம்மா செத்தப்பகூட அப்படி அழுகலை. அப்பறம் அவளே மூக்கைச் சிந்திக்கிட்டு, "பரவால்ல அண்ணா, முட்டை பெட்டிக்குள்ள இருக்குது. அது பொரிச்சா எல்லாம் திரும்ப வந்துரும். நீங்க பண்ணிக் குடுத்த மிஷின்தான் காப்பாத்துச்சு"ன்னா. நான் என்னங்க சொல்லட்டும்? "ஒண்ணும் கவலைப்படாதே, என் மிஷின் பாத்துக்கும்"னேன். அதுலேருந்து அவ பெட்டிக்குப் பக்கத்துலயேதான் சோறு தின்னுருக்கறா. டார்ச் அடிச்சு அடிச்சு, இதுல உசிரு துடிக்குது, இதுல துடிக்குதுன்னு எனக்கு தெனம் போன். நானும் கிளாஸ் எடுத்துக்கிட்டே உம் கொட்டுவேன்.

மாப்ளைக்கு ஒரே குஷி. "மச்சான் வெச்ச பெட்டி, கத்தறதே இல்ல! எத்தனை வருசம் கழிச்சு நிம்மதியாத் தூங்கறேன்!" பாக்கறவங்ககிட்ட எல்லாம் அதே பேச்சு. நடுவுல ஒருக்காகூட பெல்ட்டு நழுவலைன்னு நெனைச்சாங்க. நானும்தான் நெனைச்சேன். நல்ல புரோக்ராம் வந்தா பெல்ட்டுக்கும் ஒரு ஒழுக்கம் வந்துருக்கும்னு நெனைச்சேன்.

பொரிக்கறதுக்கு இன்னும் ரெண்டு மூணு நாள். அன்னைக்குப் பூங்கொடி மட்டும், குஞ்சுக்குத் தீவனம் வாங்கறதுக்கு சந்தைக்குப் போயிருக்கறா. தர்ஷிணி ரூமுக்குள்ள காதுல மாட்டிக்கிட்டு கம்பெனி மீட்டிங். மாப்ளை முன் ஷெட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பெல்ட்டு அறுந்துருக்குது. சூடு ஏறியிருக்குது. என் புரோக்ராம் ஒழுங்கா, சவுண்டு, சவுண்டு, சவுண்டுன்னு கூப்புட்டுக்கிட்டேதான் இருந்துருக்கும், அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஸ்கிரீன்லயும் ஆபத்துன்னு எழுதியிருக்குது. எழுதிச்சுங்களே! பாக்கலீன்னா நான் என்ன பண்றது? மாப்ளை சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து பேப்பர்ல ராசிபலன் படிச்சுக்கிட்டு இருந்தாரு.

நான் போயிச் சேர்றப்ப எல்லாரும் கூடியிருக்காங்க. பூங்கொடி பெட்டிக்கு முன்னால சப்பணம் போட்டு உக்காந்திருக்கறா. ஒரு முட்டையை ஒடைச்சுப் பாத்திருக்கறா. உள்ள குஞ்சு முழுசா, மயிரெல்லாம் மொளைச்சு, அலகுகூட வந்திருச்சு. கழுத்துல அந்தச் செம்பு நெறம். அதைக் கையில வெச்சுக்கிட்டு வாயால ஊதிக்கிட்டு இருந்தா. எனக்கு மட்டும் வலிக்காதுங்களா? கூடப் பொறந்தவ. ஆனா நான் அதைப் பாக்கலை. நேரா கம்ப்யூட்டரைப் போயிப் பாத்தேன். எரர் ஏதாச்சும் இருக்குதான்னு. ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருந்துச்சு.

"எரர் எதுவும் இல்லையே"ன்னு சொன்னேன். அதுதான் நான் சொன்ன ஒரே வார்த்தை. உடனே அந்தத் தர்ஷிணி என்ன பண்ணுனா தெரியுங்களா? என்னோட டாஸ் டாட் எச்சைத் தொறந்து அத்தனை பேருக்கும் திருப்பிக் காட்டறா. சவுண்டு. அடைப்புத் தொறக்குது, அடைப்பு மூடுது. மாப்ளை கிட்ட வந்து, கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அந்த ரெண்டு அடைப்பையும் வெரலால தொட்டுப் பாத்துட்டு, "மச்சான், இதுக்கு நடுவுல ஒண்ணுமே இல்லீங்களே?"ங்கறாரு. சி படிக்காத மனுசன்! "மாப்ளை, காலியா இருந்தாலும் சட்டப்படி அது ஃபங்ஷன்தான், நீங்க வேணும்னா எந்தப் புஸ்தகத்துல வேணும்னாலும் பாருங்க"ன்னேன். அப்பத்தான் தர்ஷிணி அந்த வார்த்தையைச் சொன்னா, குஞ்சு செத்ததுக்கு நீங்கதான் காரணம்னு. எங்க பெரியப்பா பையன், என் வீட்டுக்காரி, எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க. ஒருத்தராச்சும், "அவரு ஹெச்ஓடி, அவரைப் போயி இப்படிப் பேசலாமா"ன்னு கேக்கணுமா இல்லையா?

பூங்கொடி திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தாலும் பரவால்லீங்க. எந்திரிச்சுப் போயி கையைக் கழுவிட்டு வந்து எனக்கு எலை போட்டா. சோறு வெச்சா, பருப்பு ஊத்துனா. "சாப்புட்டுக் கெளம்புங்கண்ணா"ன்னா. மூஞ்சியையே பாக்கலை. நான் சாப்புட்டேன். ரசம் நல்லாத்தான் இருந்துச்சு. வாசல்ல வர்றப்பப் பாக்கறேன், அந்தப் பெட்டியிலேருந்து முட்டையை ஒண்ணொண்ணா எடுத்துக் காதுல வெச்சு வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறா, எதுலயாச்சும் சத்தம் கேக்குதான்னு.

சரி, விடுங்க. திருச்செங்கோடு தாண்டியாச்சா? பேச்சு சொகத்துல தெரியலை பாருங்க.

இருங்க, போன் வெளிச்சம் அடிக்குது. தர்ஷிணிதான். காலையிலேருந்து விடாம கூப்புடறா. நான் எங்க போறேன்னு யாரோ சொல்லிட்டாங்க போல இருக்குது. நான் எப்பவுமே சைலண்ட்லதானுங்க வெக்கறது. சத்தம் எனக்கு ஆகாது.

எங்கயா? ஈரோட்டுல நம்ம கூடப் படிச்சவன் ஒருத்தன் பெரிய ஆஸ்பத்திரியில இருக்கறான். அங்க ரத்தம் வெக்கற ஃபிரிட்ஜுக்கு இதே மாதிரி ஒரு பழைய சி புரோக்ராம். குளிர் கொறைஞ்சா ஊளை விடற ரகம்தான். அதையும் லினக்ஸுக்கு மாத்தணுமாம், ஹெட்டர் கெடைக்காம அங்கயும் முழிக்கறாங்களாம். நான் சிரிச்சுட்டேன். நம்மகிட்டதான் டாஸ் டாட் எச் ரெடியா இருக்குதே! இந்தா, சட்டைப் பையில, பென் டிரைவ்ல. ஒரு காப்பி குடிக்கற நேரம், முடிஞ்சிரும்.

நீங்க எங்க எறங்கறீங்க? அட, அதே ஆஸ்பத்திரிங்களா! யாருக்கு, சம்சாரத்துக்கா? நாளைக்கு ஆபரேசனா? ரத்தம் ஏத்தணும்னு சொல்லியிருக்காங்களா? அட, ஏனுங்க கண்ணைத் தொடைக்கறீங்க? நான்தான் இருக்கறனே. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எல்லாம் ஏற்பாடு பண்ணிப்போடறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க. ஒரு சத்தம் வராது.